அறுகம்குடாவின் அலையும் கரையும்: ஒரு வரலாற்று நோக்கு

தோற்றுவாய்

கடலும் கடல்சார்ந்த இடமும் நெய்தல் எனத் தமிழிலக்கண மரபு வகுத்தது. மீன்பிடித்தலும் உப்பு விளைத்தலும் அவற்றை விற்றலும் நெய்தல் நில மக்களின் தொழில்களாகக் கொள்ளப்பட்டன. அலையின்மேற் பலகையிட்டு நின்று கரைநோக்கிச் செல்லும் விளையாட்டு அத்தொழில்களுக்கு அப்பாற்பட்டது. எனினும், இலங்கையின் தென்கிழக்குக் கரையிலுள்ள அறுகம்குடா என்னும் சிற்றூரை இன்று உலகம் அறிந்திருப்பது அவ்விளையாட்டின் காரணமாகவேயாம். கல்முனை முதல் பொத்துவில் வரை வாழும் மக்களுக்கு இக்குடா விடுமுறை நாளில் உலாப்போகும் கரை. அவுஸ்திரேலியாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வருவோருக்கு அஃது அலைச்சறுக்குக்குரிய சிறந்த களங்களுள் ஒன்று. உல்லைக் கிராமத்து மீனவருக்கோ அது தோணி இறக்கும் துறை.

அலைச்சறுக்குக்கு ஏற்ற அலை இக்குடாவில் ஏறத்தாழ ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரையான மாதங்களில் எழுகின்றது. கிழக்குக் கரையோரத்து மீனவர் அச்சமின்றிக் கடலில் இறங்கும் மாதங்களும் பெரும்பாலும் அவையே. ஒரே குடாவை, ஒரே பருவத்தில், ஒரே மணற்கரையில் நின்று இரு சாரார் நாடுகின்றனர். இவ்விரு சாராரையும் அங்கே கொண்டுவந்து சேர்த்தது ஒரே இயற்கை அமைப்பாகும். அறுகம்குடாவின் கடந்த அரை நூற்றாண்டு வரலாற்றைப் புரிந்துகொள்வதற்கு இவ்வுண்மை திறவுகோலாக அமைகின்றது. அலை எவருக்கும் உடைமையாவதில்லை. அதனை அடையும் கரையே உடைமையாக்கப்படுகின்றது. அக்கரை எவருக்குரியது என்னும் வினா எழுந்த வரலாற்றையும், அலையை முதலில் அறிந்தோர் அவ்வினாவுக்கு விடை காணுமிடத்திற் பெற்ற இடத்தையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிலமும் பெயரும்

அம்பாறை மாவட்டம் 1961ஆம் ஆண்டு மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்து பிரித்து அமைக்கப்பட்டது. அதன் கரையோரமாக வடக்கிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லின் மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, தம்பிலுவில், திருக்கோவில், கோமாரி, பொத்துவில் என ஊர்கள் தொடர்கின்றன. முஸ்லிம் ஊர்களும் தமிழர் ஊர்களும் மாறிமாறி அமைந்த இத்தொடரில் ஊர்ப்பெயர்களே நிலத்தின் இயல்பைக் காட்டி நிற்கின்றன. முனை என்பது கடலுள் அல்லது நீருள் நீண்டு நிற்கும் நிலம். வில் என்பது நீர்நிலையைக் குறிக்கும் சொல்லாகக் கொள்ளப்படுவது. சேனை என்பது காடு வெட்டிப் பயிர்செய்த இடம். கடலும் களப்பும் குளமும் காடும் அடுத்தடுத்துக் கிடந்த நிலத்தில் மக்கள் குடியேறிய வரலாறு இப்பெயர்களிற் பதிந்துள்ளது. அறுகம்குடா என்னும் பெயரை அறுகம்புல்லோடு தொடர்புபடுத்துவோர் உளர்.

பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களுட் பலரைக் கிழக்கிற் குடியமர்த்தினான் என்பது வரலாற்றாசிரியர் எடுத்துக்காட்டும் செய்தி. அதற்கு முன்னரும் இக்கரையில் முஸ்லிம் குடியிருப்புகள் இருந்தன என்பர். அன்று தொட்டு நெல்வேளாண்மையும் மீன்பிடியும் வணிகமும் இம்மக்களின் வாழ்வாதாரங்களாயின. தாய்வழிக் குடி முறை போன்ற சமூக வழக்கங்களை இப்பகுதித் தமிழரும் முஸ்லிம்களும் பொதுவாகக் கொண்டுள்ளமை ஆய்வாளரின் கவனத்தை ஈர்த்த ஒன்று. கொழும்பிலிருந்து இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலை வழியாக வரும் ஏ4 நெடுஞ்சாலை பொத்துவிலிலேயே கடலை எட்டிப் பின்னர் வடக்கே திரும்பி அக்கரைப்பற்று, கல்முனை ஊடாக மட்டக்களப்புக்குச் செல்கின்றது. கல்முனையிலிருந்து பொத்துவில் ஏறத்தாழ 70 கிலோமீற்றர் தொலைவிலுள்ளது. அதற்குத் தெற்கே மூன்று கிலோமீற்றரளவில் ஒரு களப்பின் முகத்துவாரத்தைப் பாலத்தால் கடந்தவுடன் அறுகம்குடா. அதற்கும் அப்பால் பாணமை, உகந்தை, குமனை எனக் காடடர்ந்த கரை நீள்கின்றது. கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை செல்லும் அடியார் காலங்காலமாக நடந்துவரும் வழியும் இதுவேயாகும்.

அலை பிறந்து வருமாறு

அறுகம்குடாவில் வந்து உடையும் அலை அங்கே பிறப்பதன்று. அது தெற்கே இந்துமாக்கடலின் எல்லையில், 40 பாகை தென் அகலக்கோட்டுக்கு அப்பால், இடையறாது வீசும் கடுங்காற்றுகளாற் பிறக்கின்றது. எமது நாட்டில் வேனில் நிலவும் மாதங்களில் அங்கே குளிர்காலம். புயல்கள் மிகுவதும் அப்போதேயாம். புயலிடத்தே குழம்பித் திரியும் பல்வகை அலைகளுள் நீளமானவை விரைந்து முன்செல்லக் குறுகியவை பின்தங்குகின்றன. இவ்வாறு பயணத்தின் ஊடாகவே அலைகள் வகைபிரிந்து, ஒழுங்கான வரிசைகளாக இலங்கையை வந்தடைகின்றன. அடுத்தடுத்த இரு முகடுகளுக்கிடையே 15 விநாடி கழியுமாயின், ஆழ்கடலில் அவற்றுக்கிடையேயுள்ள தூரம் ஏறத்தாழ 350 மீற்றராகும். அவ்வலைக் கூட்டத்தின் ஆற்றல் மணிக்கு 42 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும். ஐயாயிரம் கிலோமீற்றர் கடலை அது ஏறத்தாழ ஐந்து நாள்களிற் கடக்கும். ஆதலால், பொத்துவிலில் வானம் தெளிந்து காற்றடங்கியிருக்கும் நாளிலும் பெரிய அலை எழுவதுண்டு.

இவ்வாறு வந்த அலை எல்லாக் கரையிலும் ஒரே வகையாக உடைவதில்லை. ஆழம் குறையக் குறைய அதன் வேகம் குறைகின்றது. தன் உயரத்தினும் ஒன்றேகால் மடங்களவு ஆழமுள்ள இடத்தை அடையும்போது முகடு முன்சாய்ந்து மடிந்து விழுகின்றது. அறுகம்குடாவின் தெற்கெல்லையிற் பாறையும் மணலுமாகக் கடலுள் நீண்ட ஒரு முனை உண்டு. தெற்கிலிருந்து வரும் அலையின் கரைப்பக்கம் அம்முனையருகிலுள்ள ஆழங்குறைந்த நீரில் முதலிற் பட்டு வேகந் தளர்கின்றது. கடற்பக்கமோ வேகம் குறையாது செல்கின்றது. அதனால் அலை முனையைச் சுற்றி வளைந்து குடாவினுள் திரும்புகின்றது. திரும்பும்போது அதன் முகடு ஒருசேர விழாது, முனையிலிருந்து தொடங்கி வடக்கு நோக்கி ஒழுங்காக மடிந்துகொண்டே போகின்றது. கரையை நோக்கி நிற்பவனுக்கு அது வலப்புறமாகச் செல்லும் அலை. மடியாத பகுதியின் சரிவைப் பற்றிக்கொண்டு பலகையிற் செல்பவன் வாய்ப்பான நாளிற் சில நூறு மீற்றர் தூரம் வழுவாது செல்லலாம்.

கல்முனைக் கரையோடு இதனை ஒப்பிடுதல் பயனுடையது. மருதமுனையிலிருந்து நிந்தவூர் வரை கரை ஏறத்தாழ நேர்கோடாகக் கிடக்கின்றது. முனை என்னும் ஈறு பெற்ற ஊர்ப்பெயர்கள் அங்கே உளவேயன்றி, அலையை வளைத்துத் திருப்பவல்ல பெருமுனை கடலுள் இல்லை. தெற்கிலிருந்து வரும் அலை அங்கே பக்கவாட்டாகத் திரும்பி, வலிகுன்றி, கரை நெடுக ஏறத்தாழ ஒரே வேளையில் மடிந்து விழுகின்றது. அதன்மேற் செல்ல முயல்வோனுக்கு வழி கிடையாது. ஒரே மாவட்டத்தின் இரு கரைகளில் ஒன்று உலகின் விளையாட்டுக் களமாகவும் மற்றொன்று மீனவரின் கரையாக மட்டும் நிற்கவும் காரணம் இந்நில அமைப்பேயாகும்.

இலங்கையைச் சூழ்ந்த கடலில் வற்றுப்பெருக்கு மிகச் சிறிது. உயர்நீருக்கும் தாழ்நீருக்கும் இடையிலான வேறுபாடு ஒரு மீற்றரை எட்டுவதில்லை. ஆகவே பிறநாட்டுக் கரைகளிற் போல நீர்மட்டத்தை எதிர்பார்த்துக் காத்திருக்கும் தேவை இங்கு அதிகமில்லை. காற்றும் மணலுமே நாளின் தன்மையைத் தீர்மானிக்கின்றன. குறிப்பாக, பொத்துவிலுக்கு அண்மையில் மணல்மேடுகளின்மீது உடையும் அலைகள் அம்மணல் ஆண்டுதோறும் எங்கே தங்குகின்றது என்பதைப் பொறுத்து நீள்வதும் குறுகுவதும் உண்டு. மாரி வெள்ளம் களப்பின் முகத்துவாரங்களை உடைத்துக்கொண்டு பாயும்போது மணலைக் கடலுள் தள்ளுகின்றது. பின்னர் கடல் அதனைக் கரையோரமாகப் பங்கிடுகின்றது. அலையின் வடிவம் இவ்வகையிற் கடலும் களப்பும் சேர்ந்து எழுதும் கணக்காக உள்ளது.

கச்சானும் வாடையும்

பழந்தமிழர் திசைக்கொரு பெயரிட்டுக் காற்றை வாடை, தென்றல், கொண்டல், கோடை என வழங்கினர். கிழக்கிலங்கையில் மேற்கிலும் தென்மேற்கிலும் இருந்து வீசும் காற்றுக்குக் கச்சான் என்பது வழக்கு. தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவுகளில் மழையைப் பொழிந்துவிட்டு, கிழக்குச் சரிவில் இறங்கும்போது வறண்டு வெப்பமடைகின்றது. பயிரை வாட்டி, புழுதியெழுப்பி, உடலைக் களைப்பிக்கும் இக்காற்றை இப்பகுதி மக்கள் நன்கறிவர். வயலிற் பழிக்கப்படும் இதே காற்று கடலில் நன்மை செய்கின்றது. நிலத்திலிருந்து கடல்நோக்கி வீசுவதால் கரையோரக் கடலை அது அடக்கி வைக்கின்றது. எழுந்து வரும் அலையின் முகத்தை எதிர்த்துத் தாங்கி, முகடு உடனே குலையாதவாறு காக்கின்றது. அதிகாலையில் இக்காற்று மென்மையாக இருப்பதால் அலையின் முகம் கண்ணாடிபோல் ஒளிர்கின்றது. பகல் ஏறியபின் கடற்காற்றுக் குறுக்கிட நீர் கலங்குகின்றது. நவம்பரில் வாடை தொடங்கியதும் நிலை முற்றாக மாறிவிடும். கடலிலிருந்து கரைநோக்கி வீசும் அக்காற்று ஒழுங்கற்ற குற்றலைகளையும் பெருமழையையும் கொணர்கின்றது. அப்போது அலைச்சறுக்குவோர் இலங்கையின் தென்மேற்குக் கரையிலுள்ள ஹிக்கடுவை, வெலிகமை ஆகிய இடங்களை நாடிச் செல்கின்றனர்.

இவ்விடமாற்றம் புதிதன்று. அலைச்சறுக்குவோர் இலங்கையை அறியுமுன்னரே மீனவர் இதே பருவ ஒழுங்கில் இடம்பெயர்ந்து வந்தனர். தென்மேற்குப் பருவத்தில் மேற்குக் கரை கொந்தளிக்கும்போது நீர்கொழும்பு, சிலாபம் முதலிய பகுதிகளின் மீனவர் கிழக்குக் கரைக்கு வந்து, கடற்கரையில் வாடி அமைத்துத் தங்கித் தொழில்செய்து, வாடைக்கு முன் திரும்பிச் செல்வது நெடுநாள் வழக்கம். உள்ளூர் மீனவரும் வாடைக் காலத்தில் வயலையும் களப்பையும் சார்ந்திருந்து, கச்சான் காலத்திற் கடலை நாடினர். தென்மேற்குப் பருவத்தில் முனையின் மறைவில் அமைந்த குடா சிறுகலங்களுக்கு இயல்பான ஒதுக்கிடமாயிற்று. அலையை வளைத்து உள்ளே அனுப்பும் அதே முனைதான் குடாவின் உட்பகுதியில் அலையின் வலியைக் குறைத்துத் தோணி இறக்க வழி செய்தது. ஆகவே விளையாட்டுக்கு அடிப்படையான அமைப்பும் தொழிலுக்கு அடிப்படையான அமைப்பும் ஒன்றேயாகும்.

கரைவலைத் தொழில் இவ்வறிவு முழுவதையும் வேண்டி நிற்பது. தோணியிற் சென்று வலையை அரைவட்டமாக வளைத்து விட்டு, இரு முனைக் கயிறுகளையும் கரையில் நின்று பலர் கூடி இழுப்பர். இறுதியில் மீன் நிறைந்த மடி கரையேறும். இதற்குத் தடையற்ற நீண்ட மணற்கரை வேண்டும். நீரோட்டம் எத்திசையிற் செல்கின்றது, எங்கே நீர் கடலுக்குத் திரும்பி இழுக்கின்றது, எத்தனை அலைக்குப் பின் கடல் சற்று ஓயும் என்பன தெரியவேண்டும். பெரிய அலைகள் கூட்டமாக வந்து பின் சிறிதுநேரம் தணியும் என்பதனை அறிந்து, அத்தணிவில் தோணியைத் தள்ளுபவன் மீனவன். அலைச்சறுக்குவோன் காத்திருப்பதும் அதே கூட்டத்திற்காகத்தான். ஒருவன் தவிர்க்கும் அலையை மற்றவன் தேடுகின்றான். இருவரின் கணக்கும் ஒன்றே.

அலை கடத்தலும் அலையேறலும்

அலையைக் கடத்தல் தமிழ்க் கரைகளில் ஒரு தனித்தொழிலாகவே விளங்கியமைக்குச் சென்னை சான்று. துறைமுகம் அமையுமுன்னர் அங்கே வந்த கப்பல்கள் கரையிலிருந்து விலகி நங்கூரமிட்டன. கரையருகே உடையும் அலைவரிசைகளினூடாக மக்களையும் பொருள்களையும் கரைசேர்த்தவை மசூலாப் படகுகளும் கட்டுமரங்களுமேயாம். ஆணியின்றிக் கயிற்றால் தைக்கப்பட்ட மசூலாப் படகின் பலகைகள் அலையின் அறையை வளைந்துகொடுத்துத் தாங்கின. கட்டுமரமோ கவிழ்ந்தாலும் மூழ்காதது. அலையின் உந்தலைப் பயன்படுத்தி அதனைக் கரைக்குச் செலுத்துவது மீனவர் அன்றாடம் செய்த செயல். ஐரோப்பியப் பயணிகள் பலர் இத்திறமையை வியந்து எழுதியுள்ளனர். அது பிழைப்புக்கான திறமையாகவே கருதப்பட்டது.

அலையேறல் ஒரு கலையாகவும் விழாவாகவும் வளர்ந்த இடம் பசிபிக் மாகடலின் பொலினீசியத் தீவுகள், சிறப்பாக ஹவாய். கப்பற் தலைவன் குக் 1778இல் ஹவாயை அடைந்தான். அவனோடு சென்ற ஜேம்ஸ் கிங், 1779இல் அங்கு மக்கள் பலகைமீது அலையிற் செல்வதைக் கண்டு எழுதிய விவரணம் 1784இல் அச்சாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நலிவுற்ற இவ்விளையாட்டு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் புத்துயிர் பெற்றது. ஒலிம்பிக் நீச்சல் வீரரான ஹவாய்த்தீவினர் டியூக் கஹானமோக்கு 1914-15ஆம் ஆண்டுகளில் அவுஸ்திரேலியாவில் இதனைச் செய்துகாட்டினார். பின்னர் பாரமான மரப்பலகைக்குப் பதிலாக இலேசான செயற்கை நுரைப்பலகை பரவியதும், 1960களில் மலிவான நெடும்பயணங்கள் பெருகியதும் இளைஞரை உலகின் கரைகளெங்கும் அலை தேடச் செய்தன.

அத்தேட்டத்தின் ஒரு கிளை 1970களில் அறுகம்குடாவை எட்டியது. அக்காலத்தில் அங்கு வந்தோர் பெரும்பாலும் முதுகுப்பையோடு திரிந்த அவுஸ்திரேலிய, ஐரோப்பிய இளைஞர். அவர்களுக்கு ஓலைக்குடிலும் சோறும் மீன்கறியும் கொடுத்தோர் உள்ளூர்க் குடும்பத்தினர். உல்லாச விடுதியின் முதல் வடிவம் மீனவர் வீட்டின் முற்றமாகவே இருந்தது. வந்தவர் விட்டுச்சென்ற உடைந்த பலகைகளை ஒட்டவைத்து ஊர்ச்சிறுவர் பழகினர் என்பது அங்கு வழங்கும் செய்தி. நீந்தத் தெரிந்த, நீரோட்டம் தெரிந்த அச்சிறுவருக்குப் பலகை மட்டுமே புதிது.

போரும் கடற்கோளும்

1983இன் பின் மூண்ட போர் கிழக்கு மாகாணத்தைக் கடுமையாகத் தாக்கியது. சோதனைச் சாவடிகளும் கடற்றடைகளும் மீன்பிடியைக் குலைத்தன, நெடுஞ்சாலைகள் அச்சத்திற்குரியனவாயின. இனங்களுக்கிடையே நிலவிய நம்பிக்கை சிதைந்தது. சுற்றுலாப் பயணிகளின் தொகை அருகிற்று. எனினும் அலையை நாடிவரும் சிலர் வந்துகொண்டேயிருந்தனர். 2002இல் ஏற்பட்ட போர்நிறுத்த உடன்படிக்கையை அடுத்து ஊர் மீண்டும் எழத் தொடங்கியது.

அவ்வெழுச்சி நீடிக்கவில்லை. 2004 டிசம்பர் 26ஆம் நாள் காலை, சுமாத்திராவுக்கு அப்பாற் கடலடியில் நிகழ்ந்த நிலநடுக்கத்தின் விளைவான கடற்கோள் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் கிழக்குக் கரையை அடைந்தது. இலங்கையில் முப்பதாயிரத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர். மாவட்டங்களுள் மிகப் பெரிய உயிரிழப்பு அம்பாறையில் நிகழ்ந்தது. அங்கு மட்டும் பத்தாயிரத்திற்கும் மேற்பட்டோர் பலியாயினர். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு ஆகிய ஊர்களில் கடலோரமாக நெருங்கியிருந்த குடியிருப்புகள் நிலமட்டமாயின. அறுகம்குடாவில் வீடுகளும் விடுதிகளும் தோணிகளும் அழிந்தன, பாலமும் சேதமுற்றது. ஐந்து நாள் பயணித்து வரும் வழக்கமான அலைக்கும் இதற்கும் பெயரளவிலேயே ஒற்றுமை உண்டு. முன்னது விநாடிக் கணக்கில் வந்துபோவது. கடலின் மேற்பரப்பைச் சார்ந்தது. பின்னது அடிமுதல் மேல்வரை கடல் முழுவதும் நகர்ந்து, நிமிடக் கணக்கிற் பெருகி நிற்பது. முன்னதன் மொழியை அறிந்த மீனவரிடமும் பின்னதற்கான அனுபவம் இருக்கவில்லை.

அழிவின் பின் வந்த நாள்களிலேயே கரை எவருக்குரியது என்னும் வினா வெளிப்படையாக எழுந்தது. அரசு கிழக்கிலும் வடக்கிலும் கடலோரத்திலிருந்து 200 மீற்றரும், தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றரும் குடியிருப்புத் தடைவலயம் என அறிவித்தது. நெருக்கமான கல்முனைக் கரையில் இதன் பொருள், முழுத் தெருக்களே இல்லாமற் போவது என்பதாகும். அறுகம்குடாவுக்கு 2005இல் ஒரு பெரும் அபிவிருத்தித் திட்டம் முன்வைக்கப்பட்டது. மீனவரை உள்நிலத்துக்கு நகர்த்திக் கரையை உயர்தரச் சுற்றுலாவுக்குரியதாக்குவது அதன் போக்காக இருந்தது. குடிசை கட்டத் தடை, விடுதி கட்ட வழி என்னும் குறைபாடு மீனவரிடையே ஓங்கி ஒலித்தது. அவர்கள் வீதியில் இறங்கி எதிர்ப்புத் தெரிவித்தனர். கனேடிய எழுத்தாளர் நவோமி கிளைன் 2007இல் வெளியிட்ட நூலில் இக்கரையின் கதை ஓர் அத்தியாயத்திற் பேசப்பட்டுள்ளது. தடைவலய விதி பின்னர் தளர்த்தப்பட்டது. அமெரிக்க உதவியுடன் கட்டப்பட்ட புதிய பாலம் 2008இற் பூர்த்தியாயிற்று. பெருந்திட்டம் எண்ணியவாறு நிறைவேறவில்லை. ஆயினும் ஒன்று தெளிவாயிற்று: கடலுக்கு அஞ்சி மக்களை விலக்கவேண்டும் என்ற வாதமும் காட்சிக்காகக் கரையைத் துப்புரவாக்கவேண்டும் என்ற விருப்பமும் ஒரே அளவுகோலைக் கொண்டு ஒரே மக்களை வெளியேற்ற வல்லன.

மணல் கூறும் சான்று

கரையை மாற்றியமைப்போர் அலையையும் மாற்றிவிடுகின்றனர் என்பதற்கு வரலாறு பல சான்றுகளைத் தருகின்றது. சென்னையில் 1870களிற் தொடங்கிய துறைமுகப் பணியின் அலைதடுப்புச் சுவர்களை 1881ஆம் ஆண்டுப் புயல் சிதைத்தது. மீண்டும் கட்டப்பட்ட சுவர்கள் கரையோரமாக வடக்கு நோக்கிச் செல்லும் மணலை மறித்தன. அதனால் தெற்கே மணல் குவிந்து மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம் முதலான மீனவர் பகுதிகளைக் கடல் அரித்தது. நகரத்தார்க்கு உலாவும் கரை கிடைத்த அதே காரணத்தால் மீனவருக்கு வாழும் கரை பறிபோயிற்று.

ஒரு நூற்றாண்டுக்குப் பின் அம்பாறைக் கரையிலும் இதே பாடம் மீண்டும் எழுதப்பட்டது. ஒலுவில் துறைமுகத்தின் நிர்மாணம் 2008இற் தொடங்கி, 2013 செப்டெம்பரில் அது திறந்துவைக்கப்பட்டது. அதன் அலைதடுப்புச் சுவர்களுக்குத் தெற்கே மணல் சேர்ந்தது. வடக்கே ஒலுவிலிலும் நிந்தவூரிலும் தென்னந்தோப்புகளும் மீனவரின் வாடிகளும் கடலரிப்புக்கு இரையாயின. துறைமுக வாயிலை மணல் அடைத்தமையால் மீனவக் கலங்கள் உள்ளே வருவதும் இடர்ப்பாடாயிற்று. கச்சான் காலத்தில் மணல் எங்கே நகர்கின்றது என்பதனைத் தலைமுறை தலைமுறையாகக் கரைவலை இழுத்தோர் கண்டிருந்தனர்.

மணல்மேடுகளின் பயனைக் கடற்கோளும் கொடூரமாக எடுத்துக்காட்டியது. அறுகம்குடாவுக்குத் தெற்கே யால கரையில், கடற்காட்சிக்காக முன்புற மணல்மேட்டின் ஒரு பகுதியை அகற்றியிருந்த ஓர் உல்லாச விடுதி அயலிடங்களைவிட உயர்ந்த வெள்ளத்தால் அழிந்தது என்று 2005இல் அங்கு ஆராய்ந்த அறிஞர் பதிவு செய்தனர். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் உயர்நீர் எல்லையிலிருந்து நிலத்தின்பக்கம் 300 மீற்றரையும் தாழ்நீர் எல்லையிலிருந்து கடற்பக்கம் இரண்டு கிலோமீற்றரையும் கரையோர வலயமாக வரையறுத்து, அதனுட் கட்டுமானங்களுக்கு அனுமதி வேண்டும் என விதிக்கின்றது. சட்டம் குறைவின்றி உள்ளது. அதனை எவர் குரலுக்குச் செவிசாய்த்துச் செயற்படுத்துவது என்பதே பிரச்சினையாகும்.

அண்மைக்கால நிலை

போர் 2009 மே மாதம் முடிவுற்றபின் அறுகம்குடா விரைந்து வளர்ந்தது. சர்வதேச அலைச்சறுக்குப் போட்டிகள் அங்கே நடத்தப்பட்டன. 2018இல் உள்ளூர்ப் பெண்கள் தமக்கென ஓர் அலைச்சறுக்குக் கழகத்தை அமைத்தனர். மரபுவழிச் சமூகமொன்றில் இஃது எளிதான செயலன்று. 2019 ஏப்ரல் 21ஆம் நாள் உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களும், அவற்றைத் தொடர்ந்து ஏப்ரல் 26இல் சாய்ந்தமருதில் நிகழ்ந்த சம்பவமும் இக்கரையோர முஸ்லிம் ஊர்கள்மீது ஐயத்தின் நிழலை விழுத்தின. பயணிகளின் வருகையும் ஒடுங்கியது. அவ்வாண்டு செப்டெம்பரில் உலக அலைச்சறுக்குக் கூட்டமைப்பின் தகுதிகாண் போட்டியொன்று அறுகம்குடாவிலேயே நடத்தப்பட்டமை நம்பிக்கையை மீட்கும் முயற்சியாக அமைந்தது. பின் பெருந்தொற்று வந்தது. 2024 ஒக்டோபர் 23இல் அமெரிக்கத் தூதரகம் அறுகம்குடாப் பகுதியிற் தாக்குதல் நிகழலாம் என எச்சரித்தது. இஸ்ரேல் தன் குடிமக்களை அங்கிருந்து வெளியேறக் கேட்டது. உலக அரசியலின் தொலைதூரப் புயல்களும் தென்கடலின் புயல்களைப் போலவே இச்சிறு குடாவில் வந்து உடைகின்றன.

இதற்கிடையே சத்தமின்றி நிகழ்ந்துவரும் இழப்பொன்று தமிழ் மாணவரின் கவனத்துக்குரியது. இன்று அலைச்சறுக்குவோரின் வரைபடங்களில் இக்கரையின் ஒவ்வோர் அலைக்கும் ஆங்கிலப் பெயர் உண்டு. குடாவின் முதன்மையான அலை மெயின் பொயின்ற். பயில்வோருக்கான மெல்லலை பேபி பொயின்ற். வடக்கே விஸ்கி பொயின்ற், பொத்துவில் பொயின்ற். தெற்கே பீநட் ஃபாம். கடைசிப் பெயரைத் தமிழிற் சொல்லின் கச்சான் தோட்டம். நிலக்கடலைக்கும் மேற்காற்றுக்கும் எமது வழக்கில் ஒரே சொல் நிற்பதால், அக்காற்றில் சிறக்கும் அலைக்கு அப்பெயர் இருபொருள்படப் பொருந்துகின்றது. ஆனால் வரைபடத்தைப் பார்ப்போருக்கு அது தெரியாது. பாறைக்கும் மணல்மேட்டுக்கும் நீரிழுக்கும் இடத்திற்கும் மீனவர் வழங்கிய பெயர்கள் அச்சேறவில்லை. அப்பெயர்கள் வெறும் அடையாளங்களல்ல. எங்கே வலை சிக்கும், எங்கே தோணி கவிழும், எந்த மாதத்தில் மணல் விலகும் என்னும் அறிவு அவற்றிற் பொதிந்துள்ளது. கரைவலைத் தொழில் அருகும் வேகத்தில் அவையும் மறைந்துவருகின்றன.

முடிவுரை

அறுகம்குடாவின் அலை, கடலும் முனையும் காற்றும் மணலும் களப்பும் ஒன்றுசேர்ந்து ஆக்குவது. அவற்றுள் எதனையும் விலைகொடுத்து வாங்க இயலாது. எதனையும் கெடுக்க மட்டும் இயலும். சுற்றுலாவினால் இவ்வூருக்கு வருவாய் கிடைத்துள்ளது. மீனவர் மக்களுட் பலர் பயிற்றுநராகவும் விடுதி நடத்துவோராகவும் உயர்ந்துள்ளனர். அலைச்சறுக்கும் மீன்பிடியும் இயல்பிற் பகையானவையல்ல. அரை நூற்றாண்டாக ஒரே மணலில் அடுத்தடுத்து நிகழ்ந்துவந்துள்ளன. கரையைப் பற்றிய தீர்மானங்கள் கடலறியாதார் அறைகளில் எடுக்கப்பட்டபோதே பகை தோன்றியது. தடைவலயம், பெருந்திட்டம், துறைமுகம் ஆகிய மூன்றிலும் இதனையே காண்கின்றோம்.

ஆகவே செய்யத்தக்கன இரண்டு. தோணி இறக்குவதற்கும் கரைவலை இழுப்பதற்கும் உரிய மணற்பரப்பு, எவ்வித அபிவிருத்தித் திட்டத்திலும் முதலில் ஒதுக்கப்படவேண்டும், எஞ்சியதே ஏனையோருக்குரியது. அடுத்து, கல்முனை முதல் உகந்தை வரையான கரையின் காற்றுப் பெயர்களையும் நீரோட்டப் பெயர்களையும் பாறைப் பெயர்களையும் முதிய மீனவரின் வாய்மொழியிலிருந்து திரட்டுதல் வேண்டும். ஒலுவிலில் அமைந்துள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் நாட்டின் ஏனைய பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களும் இப்பணிக்கு உரியன. சொற்களைத் தொகுக்கும் இம்முயற்சி மொழிக்கு மட்டும் ஆற்றும் தொண்டாகாது. ஒலுவிலிற் சுவர் எழுப்புமுன் அத்தகைய தொகுதியொன்று கையிலிருந்து, அதனை மதிப்போரும் இருந்திருப்பின், நிந்தவூர்க் கரையில் இன்றும் பல தென்னைகள் நின்றிருக்கக்கூடும்.